மறதிநோய்: உடற்பயிற்சி எவ்வளவு காக்கும்?

ஃபின்லாந்து மருத்துவர் மியா கிவிபெல்டோ மறதிநோய் ஆராய்ச்சிக்கு வர ஒரு காரணம் அவருடைய பாட்டி. பாட்டிக்கு அந்த நோய், அதாவது டிமென்ஷியா, இருந்தது. டிமென்ஷியாவுக்கு மருந்து எப்போது வரும் என்று பலரும் காத்திருந்த காலத்தில், அதை வரவிடாமல் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டவர் அவர். இப்போது ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பேராசிரியர்.

அவருக்குக் கைகொடுத்தவை பழைய பதிவேடுகள். 1972 முதல் கிழக்கு ஃபின்லாந்தில், மாரடைப்புச் சாவுகளைக் குறைக்கும் முயற்சியாக, மக்களின் ரத்த அழுத்தம், கொழுப்பு, அன்றாடப் பழக்கங்கள் எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருந்தன. அதே ஆட்களை 1998-இல் மறுபடி அழைத்து நினைவாற்றலைச் சோதித்தார்கள். 1,449 பேர் வந்தார்கள். நடுவயதில் வாரம் இரண்டு முறையாவது மூச்சு வாங்கி வியர்க்கும் அளவுக்கு உடலை அசைத்தவர்களுக்கு, மறதிநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதியாக இருந்தது. இந்த முடிவு 2005-இல் வெளியானது.

ஆனால் லண்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரம் பேரை ஏறத்தாழ 27 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு, 2017-இல் வேறு கதை சொன்னது. உடற்பயிற்சிக்கும் டிமென்ஷியாவுக்கும் அங்கே தொடர்பு தெரியவில்லை. நோய் கண்டறியப்படுவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே நோயாளிகளின் நடமாட்டம் குறையத் தொடங்கியிருந்தது. உட்கார்ந்தே இருந்ததால் நோய் வந்ததா, நோய் உள்ளே தொடங்கியதால் உட்கார்ந்துவிட்டார்களா?

பதிவேட்டைப் புரட்டி இதற்கு விடை காண முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும். கிவிபெல்டோவின் குழு 60 முதல் 77 வயதுக்குட்பட்ட, ஆபத்து சற்றுக் கூடுதலான 1,260 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு வழக்கமான ஆரோக்கிய ஆலோசனை. மறுபாதிக்கு இரண்டு ஆண்டுகள் தசைப்பயிற்சி, நடை போன்ற பயிற்சி, உணவுத் திட்டம், மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாம் சேர்த்து. 2015-இல் வந்த முடிவின்படி, அறிவுத்திறன் மதிப்பெண்ணில் இரண்டாம் குழுவின் முன்னேற்றம் 25% கூடுதல். தலைப்புச் செய்திகள் விட்டுவிட்ட விஷயமும் உண்டு: நினைவாற்றலை மட்டும் தனியே பார்த்தால் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டிமென்ஷியாவையே தடுத்துவிட்டது என்றும் அந்த ஆய்வு சொல்லவில்லை.

நோய் வந்த பிறகு? இங்கிலாந்தில் 494 நோயாளிகளைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் மிதமானது முதல் கடுமையானது வரையிலான பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி செய்தவர்களின் உடல் வலுவானது, அறிவுத்திறன் சரிவு நிற்கவில்லை. ஆகவே "நடந்தால் குணமாகும்" என்று யாராவது காசு கேட்டால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் லுமோசிட்டி என்ற மூளை விளையாட்டுச் செயலியை நடத்திய நிறுவனம், வயதாவதால் வரும் மறதியைக் குறைப்பதாக விளம்பரம் செய்து, 2016-இல் 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. இந்தியாவில் தவறான விளம்பரங்களைத் தடுக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

மறதி தெரிந்தவுடன் வயசுக்கோளாறு என்று ஒதுக்குவதுதான் பெரிய ஆபத்து. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவையும் மறதியைத் தரும். அவற்றைச் சரிசெய்ய முடியும். காது கேட்காமை, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றையும் சேர்த்தே கவனிக்க மருத்துவர்கள் சொல்வார்கள்.

நோய் உறுதியானால் சட்ட வேலைகளைத் தள்ளிப்போடக் கூடாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்கான வரையறையில் நினைவாற்றல் கோளாறையும் சேர்த்திருக்கிறது. பின்னாளில் தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கவும், தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கவும் அது உரிமை தருகிறது. பல குடும்பங்கள் பவர் பத்திரம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கின்றன. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி, எழுதிக்கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் பவர் செல்லாமல் போகும். அதன்பிறகு வங்கிக் கணக்கைத் தொடவோ நிலத்தை விற்கவோ நீதிமன்றத்தில் காப்பாளர் நியமனம் கேட்டு அலைய வேண்டியிருக்கும். உயிலும் தெளிவான மனநிலையில் எழுதினால்தான் செல்லும் என்பதால், நோயின் தொடக்கத்திலேயே மருத்துவரின் சான்றோடு எழுதிவிடுவது நல்லது.