அப்பாவின் எஞ்சினும் 0.20 மில்லிமீட்டரும்

நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. வெப்ப இயக்கவியல் பாடத்தில் நல்ல புள்ளிகள் வாங்கியவள். ஆனால் கடந்த பருவ விடுமுறை வரை ஓர் எஞ்சினின் மூடியைக்கூட என் கையால் கழற்றியதில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பத்து காஜாவுக்கு அருகில் அப்பா அரை ஏக்கர் நிலத்தை வாடகைக்கு எடுத்து வெண்டை, கத்திரி, கீரை பயிரிடுகிறார். பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலிருந்து தண்ணீர் இறைப்பது ஹோண்டா ஜிஎக்ஸ்160 என்ற சிறிய பெட்ரோல் எஞ்சின். ஒரே சிலிண்டர், 163 சி.சி., நான்கு வீச்சு வகை. நான் வீட்டிற்குப் போனபோது பத்து நாளாக மழை இல்லை. எஞ்சினோ காலையில் பத்துப் பன்னிரண்டு முறை கயிற்றை இழுத்த பிறகே எழும். சூடேறியதும் நின்றுவிடும். ஆறும்வரை மறுபடி எழாது. பட்டறைத் தவுக்கே புதிய எஞ்சின் வாங்கச் சொல்லிவிட்டாராம். "எல்லாம் என் தப்புதான். சரியா பார்த்துக்கலை" என்று அப்பா சொன்னது என்னை உறுத்தியது.

எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது?

நான்கு வீச்சு எஞ்சின் நம்மைப் போலவே மூச்சு விடுகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது உள்ளிழுக்கும் வால்வு திறந்து காற்றும் பெட்ரோலும் நுழைகின்றன. இரண்டாவது வீச்சில் இரு வால்வுகளும் மூடியிருக்க, கலவை அழுத்தப்படுகிறது. மூன்றாவதில் தீப்பொறி பட்டு வெடித்து பிஸ்டனைத் தள்ளுகிறது. நான்காவதில் வெளியேற்றும் வால்வு திறந்து புகை போகிறது. வால்வைத் திறப்பது கேம் தண்டு. அதன் மேடு புஷ் ராடை மேலே தள்ள, புஷ் ராட் ராக்கர் ஆர்மின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை வால்வின் தலையை அழுத்துகிறது. மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. தராசுத் தட்டைப் போன்ற எளிய அமைப்புதான்.

ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே சிறிய இடைவெளி இருந்தாக வேண்டும். காரணம், சூட்டில் உலோகம் நீளும். இந்த எஞ்சினுக்கு உள்ளிழுக்கும் பக்கம் 0.15 மி.மீ., அதிகம் சூடாகும் வெளியேற்றும் பக்கம் 0.20 மி.மீ. ஏ4 தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. என்றால், இது இரண்டே தாள்களின் கனம்!

நாளாக நாளாக வால்வும் அது அமரும் வளையமும் தேய்கின்றன. வால்வு வளையத்திற்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்கார, அதன் தண்டு ராக்கரை நோக்கி உயர்கிறது. இடைவெளி குறைந்து ஒருநாள் இல்லாமலே போகிறது. அப்போது சூட்டில் நீண்ட தண்டை ராக்கர் பிடித்து நிறுத்த, வால்வு முழுமையாக மூடாது. அழுத்தம் கசியும். எஞ்சின் எழாது. வால்வு தன் சூட்டை வளையத்தின் வழியாகத்தான் இறக்கிவைக்கிறது. அந்தத் தொடர்பும் அறுந்தால் அதன் விளிம்பு கருகிவிடும்.

கழற்றிப் பார்த்தோம்

எஞ்சின் ஆறியிருந்த காலையில், பெட்ரோல் குழாயை அடைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வால்வு மூடியைத் திறந்தோம். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து ஃபீலர் கேஜை நுழைத்தேன். இரண்டு பக்கமும் நுழையவில்லை. உடனே நட்டைத் தளர்த்தப் போனேன். "இன்னொரு தரம் இழுத்துப் பாரும்மா" என்றார் அப்பா. இழுத்தபோதுதான் புரிந்தது. பிஸ்டன் ஒரு சுழற்சியில் இருமுறை உச்சிக்கு வரும். புகை வெளியேறி முடியும் உச்சியில் இரு வால்வுகளும் சற்றே திறந்திருக்கும். அளக்க வேண்டியது அழுத்த வீச்சின் உச்சியில். உள்ளிழுக்கும் ராக்கர் இறங்கி ஏறிய பிறகு வரும் உச்சியே அது. அங்கே அளந்தால், உள்ளிழுக்கும் பக்கம் 0.15 சரியாக இருந்தது. வெளியேற்றும் பக்கம் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. நோய் பிடிபட்டது!

லாக் நட்டைத் தளர்த்தி, 0.20 தகடு லேசான பிடிப்போடு இழுபடும்வரை சரிசெய்து, நட்டை இறுக்கி, மீண்டும் அளந்தோம். இறுக்கும்போது அளவு மாறிவிடும் என்பதால் இந்த இரண்டாவது அளவு முக்கியம். மூன்றாம் இழுப்பில் எஞ்சின் எழுந்தது. எங்கள் மகிழ்ச்சி இருபது நிமிடம்தான் நீடித்தது. வலுக் குறைந்து மீண்டும் நின்றது. வால்வின் விளிம்பு ஏற்கெனவே கருகியிருந்தது.

மறுநாள் சிலிண்டர் தலையையே கழற்றினோம். புஷ் ராடுகள் இடம் மாறாதிருக்க அட்டையில் குத்தி வைத்தேன். ஸ்பிரிங்கை விரலால் அழுத்தி அதன் தட்டைப் பக்கவாட்டில் நகர்த்தினால் வால்வு கையோடு வந்துவிடும். தலையைக் கழற்றாமல் இதைச் செய்தால் வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிடும், எச்சரிக்கை! கருகிய வால்வுக்குப் பதில் புதியது வாங்கினோம். அரைக்கும் பசையை விளிம்பில் தடவி, உறிஞ்சு குச்சியால் இப்படியும் அப்படியும் உருட்டி, வளையத்தில் சீரான சாம்பல் நிறக் கோடு தெரியும்வரை அப்பா தேய்த்தார். பிறகு பசையைச் சுத்தமாகக் கழுவினோம். துகள் மிஞ்சினால் சிலிண்டரையே தின்றுவிடும். வால்வைப் பொருத்தி, புகை வழியில் பெட்ரோல் ஊற்றிப் பார்த்தோம். சொட்டுக்கூடக் கசியவில்லை. புதிய கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாக இறுக்கி, இடைவெளியை மறுபடி அளந்து வைத்தோம். அன்று மாலை கீரைப் பாத்திகள் நனைந்தன.

மொழியும் ஒரு கருவியே

நண்பர்களே, நான் சொல்ல வந்தது இனிமேல்தான். வால்வு இடைவெளியை ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 300 மணி நேரத்திற்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கையேட்டிலேயே இருக்கிறது. அப்பாவிடம் அந்தக் கையேடு பிளாஸ்டிக் பை கிழியாமல் பத்திரமாக இருந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. அப்பா ஆறாம் வகுப்புவரை தமிழ்ப்பள்ளியில் படித்தவர். அவர் அலட்சியமாக இருக்கவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்கும் தடுமாற்றம்தான். தமிழ்ப்பள்ளிக்குப் பின் தேசியப் பள்ளியில் 'இன்ஜாப்', 'ஒம்போ' என்று படித்தேன். பல்கலைக்கழகத்தில் எல்லாம் ஆங்கிலம். "அது ஏன்மா திறந்து மூடணும்?" என்று அப்பா கேட்டபோது, மூன்றாண்டுப் படிப்பில் ஒரு வாக்கியமும் தமிழில் வரவில்லை. தேடித் தேடித்தான் 'மூச்சு' என்ற சொல்லைப் பிடித்தேன். அதைச் சொன்ன பிறகே எனக்கும் முழுமையாக விளங்கியது எனலாம்.

விடுமுறை முடிந்து கிளம்பும் முன், மேலே சொன்னவற்றை ஒரே பக்கத் தமிழில் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். அப்பா அதன் கீழே, அன்று வால்வு பார்த்த தேதியைத் தம் கையெழுத்தில் குறித்து வைத்தார். உங்கள் வீட்டிலும் யாராலும் படிக்கப்படாத ஒரு கையேடு இருக்கக்கூடும். அடுத்த விடுமுறையில் அதைப் பிரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கொடுங்கள்.