குடத்துள் முறிந்த திருகாணி

மிதிவண்டிச் சக்கரத்தின் நடுவே அச்சைத் தாங்கி, ஆரக்கம்பிகள் அனைத்தையும் பற்றி நிற்கும் உறுப்பு குடம் எனப்படும். தட்டுப் பிரேக்கு அமைந்த வண்டிகள் பலவற்றில், எஃகுத் தட்டு குடத்தின் பக்கத்தில் ஆறு சிறு திருகாணிகளால் இறுக்கப்பட்டிருக்கும். பிரேக்கைப் பிடிக்கும்போது அச்சக்கரத்தைத் தடுக்கும் விசை இவ்வாறு ஆணிகளின் வழியாகவே குடத்தைச் சேர்கிறது. ஆதலின், ஒன்று முறிந்தால் எஞ்சிய ஐந்தே போதுமென்று வண்டியைச் செலுத்துதல் தகாது. துண்டு வெளிவராவிடின் ஆரக்கம்பிகளையெல்லாம் கழற்றிக் குடத்தையே மாற்ற நேரும்.

துண்டை எடுக்க முற்படுவோர் முதலில் அறியவேண்டுவது, அதனைப் பிடித்து வைத்திருப்பது யாது என்பதே. இவ்வாணியின் குறுக்களவு 5 மில்லிமீட்டர். புரியிடைத் தொலைவு 0.8 மில்லிமீட்டர். இதற்குரிய முறுக்கு, தயாரிப்பைப் பொறுத்து ஏறத்தாழ 2 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரையாகும். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள சாவியின் நுனியில் 5 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு ஏறக்குறைய 5 நியூட்டன் மீட்டர். இவ்வளவைப் பெரிதும் கடந்து இறுக்கினால் தலை அறுபடும். அப்போது தட்டை அழுத்திய இழுவிசையும் உடனே நீங்கிவிடுதலின், உள்ளே நிற்கும் துண்டு பெரும்பாலும் எளிதில் சுழலும்.

கழற்றும்போது முறிந்த ஆணியின் நிலை வேறு. புரியில் தடவிய பசை இறுகியிருக்கலாம். அல்லது ஈரமும் உப்பும் புகுந்து, எஃகு ஆணியைத் தொட்டு நிற்கும் அலுமினியக் குடம் அரிக்கப்பட்டிருக்கலாம். அரிப்பினால் விளையும் வெண்ணிறப் பொருள் மூல உலோகத்தைவிட மிகுந்த இடங்கொள்ளும். அதுவே ஆணியை நெருக்கிப் பிடிக்கிறது.

இந்நிலையில் முதற்கண் பிற ஐந்து ஆணிகளையும் கழற்றித் தட்டை அகற்றவேண்டும். தலை மட்டும் அறுந்திருந்தால், தட்டின் கனத்தளவு துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பூட்டுக் குறடால் அதனை இறுகப் பற்றி இடஞ்சுழியாகத் திருப்பலாம். பிடி கிட்டாவிடின், துண்டின் முகத்தில் சிறு வாளால் ஒரு பள்ளம் அறுத்துத் திருப்புளியைப் பொருத்தலாம்.

அசையாத துண்டிற்கு வெப்பம் துணைசெய்யும். பசை சூட்டில் இளகும். மேலும் ஒரே அளவு வெப்பநிலை உயர்வுக்கு அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், குடத்தின் துளை ஆணியைவிட மிகுதியாக அகலும். உருள்குண்டுகளின் கிரீசும் ரப்பர் மூடிகளும் கெடாதவாறு அளவறிந்து சூடேற்றுக. ஊடுருவும் எண்ணெய் இடுவதாயின் குடம் நன்கு ஆறிய பின்னரே இடுக. எண்ணெய் பிரேக்குத் தட்டில் படலாகாது.

துண்டு துளைக்குள் அமிழ்ந்திருந்தால் அதன் நட்டநடுவில் புள்ளிக்குத்தியால் குறியிட்டு, இடஞ்சுழியாகச் சுழலும் துளையலகால் மெல்லத் துளையிடவேண்டும். அலகு சுழலும் திசையும் ஆணி கழலும் திசையும் ஒன்றாதலின், துளையிடும்போதே துண்டு வெளிவந்துவிடுவதுண்டு. வாராவிடின், அத்துளையில் எதிர்ப்புரி அமைந்த கூம்புக் கருவியைச் செலுத்தித் திருப்புவர். இக்கருவி மிகக் கடினமான எஃகாலானது. வலிந்து திருப்பி அது உள்ளே ஒடிந்தால், பின்னர்ச் சாதாரண அலகு அதனைத் துளைக்காது. திருகாணியைவிடக் கொடியதொரு துண்டு குடத்தில் தங்கிவிடும். ஆகவே, அது இளகாதபோது நிறுத்தி மீண்டும் சூடேற்றுதலே அறிவுடைமை.

இறுதி வழி, 4.2 மில்லிமீட்டர் அலகால் நேர் நடுவில் துளைத்து, எஞ்சிய புரியிழையைக் களைந்து, புரிவெட்டியால் பழைய புரியைத் துலக்குவதாகும். புரி சிதைந்தால், துளையைப் பெரிதாக்கிக் கம்பிச்சுருள் புரியைப் பதிக்கலாம். இது பட்டறையில் செய்யத்தக்கது.

புதிய ஆணிக்கு மிதமான பசையிட்டு, ஆறையும் எதிரெதிராக, அளவுச் சாவியால் படிப்படியாக இறுக்குக. வெப்பத்தால் உலோகம் விரியும் என்ற பள்ளிப் பாடத்தைக் கேட்டு அலுத்த மாணவர்க்கு, ஆசிரியர் காட்டத்தக்க நல்ல எடுத்துக்காட்டு இக்குடத்தில் உண்டு.