பிறையும் வாளும் சொல்லும் பொருள்

உருவ வழிபாட்டை ஏற்காத சமயங்களுக்குச் சின்னங்கள் எதற்கு என்று நேயர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். சிந்திக்க வைக்கும் கேள்வி. சீக்கியமும் இஸ்லாமும் இறைவனுக்கு உருவம் கற்பிப்பதில்லை. ஆயினும் ஒன்றை நினைத்தால் வாள் பொறித்த கொடியும், மற்றதை நினைத்தால் பிறையும் நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. இவை உணர்த்துவது என்ன?

சீக்கியத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். குரு கிரந்த சாஹிப் 'இக் ஓங்கார்' என்றே தொடங்குகிறது. இறைவன் ஒருவனே என்பது அதன் பொருள். அங்கே 'ஒன்று' என்பது சொல்லாக அன்றி, இலக்கமாகவே எழுதப்பட்டுள்ளது. சொல்லுக்குப் பல பொருள் கூறலாம். ஒன்று என்ற இலக்கத்தை இரண்டென்று வாசிக்க முடியாதல்லவா? அதன் அழகை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அடுத்தது 'கண்டா' என்னும் சின்னம். நடுவில் இருபுறமும் கூரிய நேர்வாள், அதைச் சூழ்ந்து சக்கரம், வெளியே இரு வளைவாள்கள். குரு அர்ஜன் 1606இல் மொகலாயர் ஆட்சியில் உயிர்துறந்த பின், அவர் மைந்தர் குரு ஹர்கோவிந்த் இரு வாள்களைத் தரித்தார். 'மீரி' என்பது உலகியல் அதிகாரம். 'பீரி' என்பது ஆன்மீக அதிகாரம். அவ்வளைவாள்கள் இவற்றையே நினைவூட்டுகின்றன. முஸ்லிம் நேயர்களுக்கு இச்சொற்கள் அந்நியமானவையல்ல. அமீர், பீர் என்பவற்றின் வழிவந்தவையே அவை. வாளுக்கு வாள் என்று நின்ற காலத்திலும் சொற்கள் கைகோத்தே நின்றன. சூஃபி ஞானி ஷேக் பரீதின் பாடல்களும் குரு கிரந்தத்தில் இடம்பெற்றுள்ளன.

1699இல் அனந்தபூரில் குரு கோவிந்த் சிங் கால்சாவை நிறுவினார். வெட்டாத முடி, மரச்சீப்பு, இரும்புக் காப்பு, அரைக்காற்சட்டை, கிர்பான் எனும் குறுவாள் ஆகிய ஐந்தும் கால்சாவினர் தரிப்பவை. இவை வணங்குவதற்குரியவை அல்ல. அணிந்தவனுக்கு அவன் ஏற்ற கடமையை அன்றாடம் நினைவுறுத்துபவை.

இனி இஸ்லாத்துக்கு வருவோம். பிறையைத் திருக்குர்ஆன் சமயச் சின்னமாக விதிக்கவில்லை. மனிதருக்கும் ஹஜ்ஜுக்கும் காலம் காட்டுவதாகவே அதனைக் கூறுகிறது. இஸ்லாத்துக்கு முன்பே பாரசீக சாசானிய மன்னர்களின் நாணயங்களில் பிறையும் நட்சத்திரமும் இருந்தன. உதுமானியரின் கொடி வாயிலாகவே அது முஸ்லிம்களின் அடையாளமாக உலகெங்கும் பெயர்பெற்றது. ஆனால் தலைப்பிறை கண்டு நோன்பு நோற்கவும் பெருநாள் கொண்டாடவும் காத்திருக்கும் நம் நாட்டு முஸ்லிம்களுக்கு, கொடியிலுள்ள பிறையைவிட வானத்துப் பிறையே பெரிது.

கஃபாவும் அவ்வாறே. அது தொழுகையின் திசை, தொழப்படும் பொருளன்று. அங்குள்ள கறுப்புக் கல்லை முத்தமிட்ட கலீபா உமர், நீ நன்மையோ தீமையோ செய்யவியலாத கல் என்பதை நான் அறிவேன், நபிகள் நாயகம் முத்தமிட்டதைக் கண்டதாலேயே நானும் முத்தமிடுகிறேன் என்ற கருத்தில் கூறியதாக ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. சின்னத்துக்கும் வணக்கத்துக்கும் இடையிலுள்ள எல்லையை இதனினும் தெளிவாகக் காட்ட முடியுமா?

இந்த அறிவு வெறும் ஏட்டறிவன்று. 2001 செப்டெம்பர் 11ஆம் திகதி அமெரிக்காவில் தாக்குதல் நடந்து நான்கே நாட்களில், அரிசோனாவின் மேசா நகரில் தலைப்பாகை அணிந்த சீக்கியர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை அரபு முஸ்லிம் என்று எண்ணியே கொலைஞன் சுட்டான். அவர் முஸ்லிமாகவே இருந்திருந்தாலும் அது கொடுமைதான். தலைப்பாகைக்கு அவன் தன் வெறுப்பையே பொருளாக்கிக்கொண்டான்.

கண்ணுக்குத் தெரிவது சின்னம். அதன் பொருளை அணிந்தவரிடம் கேட்டறிய வேண்டும். அண்டை வீட்டாரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகளை நாமே ஊகித்து விடையளித்துக் கொள்கிறோம். அங்கேதான் ஆபத்துத் தொடங்குகிறது, நேயர்களே.