சர்வர் சொல்வது கவுன்ட்டருக்கு மட்டும்: மெசேஜ் புரோக்கர் எப்படி இயங்குகிறது?

காலை நெரிசலில் ஒரு டிபன் ஹோட்டலைக் கவனியுங்கள். "நாலாம் டேபிள், ஒரு நெய் ரோஸ்ட்!" என்று கவுன்ட்டரில் சொல்லிவிட்டு சர்வர் அடுத்த டேபிளுக்குப் போய்விடுகிறார். இன்று தோசை மாஸ்டர் யார் என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. கவுன்ட்டர்க்காரர் அந்த ஆர்டரைத் தோசைக் கல்லுக்கும் பில் போடுபவருக்கும் சேர்த்துவிடுகிறார். நாளை பார்சல் பிரிவு புதிதாக வந்தாலும் சர்வரின் வேலை மாறாது.

செயலிகளுக்கு நடுவே நிற்கும் கவுன்ட்டர்க்காரர்தான் மெசேஜ் புரோக்கர். சர்வர் பப்ளிஷர், தனக்கு வேண்டியதை முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கும் மாஸ்டர் சப்ஸ்கிரைபர். இந்த முறையில் இயங்கும் எம்க்யூடிடி நெறிமுறையை 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க்கும் ஆர்லென் நிப்பரும் உருவாக்கினார்கள். எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்கப் பிறந்தது அது. அதனால் சிக்கனம் அதன் ரத்தத்திலேயே உண்டு.

ஆர்டர்களைப் பிரிக்க டாப்பிக் இருக்கிறது. 'ஆர்டர்/தோசை' என்பதை மாஸ்டர் கேட்பார். பில் போடுபவர் 'ஆர்டர்/#' என்று போட்டால் எல்லா ஆர்டரும் அவருக்கு வரும். டாப்பிக் பெயர் யூனிகோடில் இருப்பதால் தமிழிலேயே வைக்கலாம். 'பொங்கல் தீர்ந்தது' என்று பலகையில் எழுதி வைப்பதுபோல, ரீட்டெயின் குறியோடு அனுப்பிய கடைசி மெசேஜைப் புரோக்கர் வைத்திருந்து, பிறகு வந்து சேரும் சப்ஸ்கிரைபருக்கும் கொடுக்கும்.

உறுதி எவ்வளவு என்பதில்தான் நிதானம் தேவை. அந்த உறுதியின் அளவைக் குறிப்பது கியூஓஎஸ் என்ற எண். அது 0 என்றால் ஒரு முறை சொல்வதோடு சரி. காதில் விழாவிட்டால் போனதுதான். 1 என்றால் பதில் வரும்வரை பொறுப்பு விடாது, ஆனால் ஒரே ஆர்டர் இரண்டு முறை போய்ச் சேரக்கூடும். 2 சரியாக ஒரு முறைதான் சேர்க்கும். அதற்குப் பேச்சுவார்த்தை அதிகம். என் கணக்கில் பெரும்பாலான வேலைகளுக்கு 1 போதும். ஆர்டருக்கு ஓர் எண் கொடுத்துவிட்டால், இரண்டாவது தோசை வார்க்காமல் சமாளிக்கலாம். ஒன்றை மறக்கக் கூடாது: சர்வருக்குக் கிடைக்கும் "சரி" கவுன்ட்டர்க்காரருடையது. மாஸ்டர் தோசை வார்த்தாரா என்று தெரிய வேண்டுமானால், மாஸ்டரே வேறொரு டாப்பிக்கில் பதில் அனுப்ப வேண்டும்.

அமைப்பது எளிது. மொஸ்கிட்டோ என்ற இலவசப் புரோக்கரை உபுண்டுவில் ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். பலர் முட்டி நிற்கும் இடம் அடுத்தது: அதே கணினியில் மெசேஜ் ஓடுகிறது, பக்கத்துக் கணினியிலிருந்து இணைப்பே கிடைப்பதில்லை. பழுது ஒன்றுமில்லை. 2.0 பதிப்பிலிருந்து, எந்தப் போர்ட்டில் இணைப்புகளை ஏற்பது என்று சொல்லும் லிசனர் வரி அமைப்புக் கோப்பில் இல்லாவிட்டால், மொஸ்கிட்டோ தன் கணினிக்குள் மட்டுமே கேட்கும். 1883 என்ற போர்ட்டுக்கு ஒரு லிசனர் வரியைச் சேர்த்தால் கதவு திறக்கும். ஆனால் பெயர் சொல்லாமல் வருபவரை அப்போதும் உள்ளே விடாது.

இந்த இடத்தில் அவசரப்பட்டு, அநாமதேய இணைப்பை அனுமதிக்கும் வரியைச் சேர்த்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் தெருவில் போகிறவர்கூடக் கவுன்ட்டருக்கு வந்து ஆர்டர் சொல்லலாம், எல்லா ஆர்டரையும் ஒட்டுக் கேட்கலாம். கடவுச்சொல் கோப்பு உருவாக்கும் கருவி மொஸ்கிட்டோவுடனேயே வருகிறது. ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பெயர் கொடுங்கள். எந்த டாப்பிக்கில் யார் எழுதலாம், யார் படிக்கலாம் என்று அனுமதிப் பட்டியலும் எழுதுங்கள். இணையம் வழியே இணைப்பு வருமானால் 1883ஐ மூடி, டிஎல்எஸ் பூட்டோடு 8883ஐத் திறங்கள். முதல் மெசேஜை அனுப்பும் முன்பே இதைச் செய்து முடித்துவிடுங்கள்.