தரைக்குள் நிற்கும் மாரி

கல்லடியில் ஒரு கராஜ். கண்ணாடிபோல் மின்னிய எபொக்சித் தரைக்கு ஒரு மாரிதான் வயது. அதற்குள் ரூபாய்க் குற்றி அளவில் அங்கங்கே கொப்பளம். ஒன்றை ஆணியால் குத்தினேன். பிசுபிசுவென்று நீர் கசிந்தது. கூரை ஒழுகவில்லை.

நீர் வந்தது கீழிருந்து. கல்லடி தொடங்கிக் காத்தான்குடி வரை நாம் குடியிருப்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல்மேல். மாரியில் கிணற்றுநீர் எவ்வளவு மேலே வருமென்று எல்லோருக்கும் தெரியும். கொங்கிறீட் பார்வைக்குக் கல்; உள்ளே மயிரிழைத் துளைகள். திரி எண்ணெயை இழுப்பதுபோல் அவை ஈரத்தை இழுக்கும். வெறுந்தரையானால் ஈரம் காற்றோடு போய்விடும். சுவரோரம் பூத்த வெள்ளை உப்புதான் அதற்குச் சாட்சி. மேலே பிசினைப் பூசினால் போகும் வழி அடைபடுகிறது. ஈரமும் உப்பும் அடியில் சேர்ந்து பூச்சையே தூக்கிவிடும்.

"28 நாள் ஆயிற்று, பூசலாம்" என்பார்கள். அது கொங்கிறீட்டின் பலத்துக்குச் சொன்ன கணக்கு. காய மாதக்கணக்காகும்.

சோதிக்க ஒரு பொலித்தீன் துண்டு போதும். 18 அங்குலச் சதுரமாக வெட்டி, நாற்புறமும் டேப் ஒட்டி, 16 மணித்தியாலம் விடுங்கள். அடியில் நீர் துளிர்த்தாலோ தரை கறுத்தாலோ பூசக் கூடாது. துளிர்க்காவிட்டால் ஈரமே இல்லையென்று துள்ளவும் வேண்டாம்: ஆழத்து ஈரம் இதில் அகப்படாது. பெரிய வேலைகளில் தரைக் கனத்தின் 40 வீத ஆழத்துக்குத் துளையிட்டு, ஈரப்பதமானியை இறக்கி அளப்பார்கள்.

தரையை அசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. காயவேண்டிய தரைக்கு மேலும் தண்ணீரும் உப்பும் கொடுப்பது என்ன நியாயம்? வைரத் தட்டுப் பூட்டிய கிரைண்டரால் மேலே படிந்த சீமெந்துப் பாலைச் சுரண்டி, தூசை உறிஞ்சி எடுப்பதே மேல். ஈரம் நீங்காத தரையென்றால் எபொக்சியும் சீமெந்தும் கலந்த மூன்று பகுதிக் கலவையை முதலில் இடலாம்; அது ஈரத்திலும் பிடிக்கும், தேங்கிய நீரில் பிடிக்காது. பூசும் வேளையில் தரையின் வெப்பம் பனிபடும் நிலையைவிடக் குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றின் ஈரமே தரையில் படியும்.

ஆவணியில் வறண்ட கச்சான் காற்று அடிக்கும்போது எந்தத் தரையும் சோதனையில் தேறிவிடும். அதனால் பொலித்தீனை மார்கழியில் ஒட்டிப் பாருங்கள். பூச்சைக் கச்சானுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புது வீடு கட்டுபவருக்கு இந்தப் பாடெல்லாம் குறைவு: கொங்கிறீட் போடுமுன்பே மணல்மேல் தடித்த பொலித்தீனை விரித்துவிடச் சொல்லி மேசனிடம் கேட்டால் போதும்.