மண்ணில்லாமல் விளைந்த பழமும் வாடிக்கையாளர் மனமும்

“மண்ணே இல்லாமல் விளைந்ததா? அதில் என்ன சத்து இருக்கும்?” இப்படிக் கேட்கும் வாடிக்கையாளரை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்குவது வியாபாரிக்கு அழகல்ல. அந்தத் தயக்கம் எதனால் வருகிறது என்று பார்ப்பதே நமக்கு லாபம்.

முதலில் முறையைத் தெரிந்துகொள்வோம். செடி மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வது நீரையும் தாதுச் சத்துக்களையும்தான். அந்தச் சத்துக்களைத் தண்ணீரில் கரைத்து நேராக வேருக்குக் கொடுக்கிறார்கள். வேர் பிடித்து நிற்க, பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சையோ தென்னை நார்த்தூளையோ வைக்கிறார்கள். பொள்ளாச்சி வட்டாரத்தில் ஒரு காலத்தில் குப்பையாகக் குவிந்து கிடந்த நார்த்தூள், இன்று கழுவிக் காயவைத்து, கட்டிகளாக அழுத்தப்பட்டு இதற்காகவே கப்பலேறுகிறது.

இந்த விஷயத்தில் நாம் படிக்க வேண்டிய பாடம் ஹாலந்து தக்காளிப் பழத்தின் கதை. அந்நாட்டு விவசாயிகள் கண்ணாடிக் கூடங்களில் மண்ணை விட்டு இந்தப் பஞ்சுக்கு மாறினார்கள். மகசூல் பெருகியது. சரக்கு பெருமளவில் ஜெர்மனிக்குப் போயிற்று. பார்வைக்கு ஒரே சீராக, கெட்டியாக, பளபளப்பாக இருந்தது. வாயில் வைத்தால் ருசியில்லை. 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மானியர் அதற்குத் “தண்ணீர் குண்டு” என்றே பெயர் வைத்துவிட்டார்கள். விற்பனை சரிந்தது.

ஹாலந்துக்காரர்கள் ருசியுள்ள ரகங்களைத் தேடிப் பயிரிட்டார்கள். காம்போடு கொத்தாகப் பழுத்த பழத்தையும், சிறு தக்காளியையும் அனுப்பினார்கள். சந்தை திரும்பியது. கவனிக்க வேண்டியது, அவர்கள் மண்ணுக்குத் திரும்பவில்லை. ஆக, வாங்குபவர் வெறுத்தது ருசியில்லாத ரகத்தைத்தான். மண் இல்லாததை அல்ல.

இன்னொன்று, பெயர் விவகாரம். ஐரோப்பிய யூனியன் சட்டப்படி இயற்கை விளைபொருள் என்று விற்கும் பழம் மண்ணில்தான் விளைந்திருக்க வேண்டும். அமெரிக்காவிலோ, இம்முறையை இயற்கை வேளாண்மைப் பட்டியலிலிருந்து விலக்கும் யோசனை 2017 நவம்பரில் ஆலோசனைக் குழுவில் 8-க்கு 7 என்ற வாக்கில் தோற்றது. நம் நாட்டில் ‘ஆர்கானிக்’ என்று விற்க உரிய சான்றிதழ் வேண்டும். பெரும்பாலும் இம்முறையில் கொடுப்பது ரசாயன உப்புச் சத்துக்களே. ஆகவே “இயற்கைப் பழம்”, “மருந்தே அடிக்காதது” என்றெல்லாம் நாமாகப் பலகை எழுதி மாட்டக் கூடாது.

கொள்முதல் செய்யும்போது ரகம் எது, பறித்த நாள் எது, என்ன மருந்து அடித்தார்கள் என்று மூன்றையும் கேட்டுக்கொள்வோம். ஒரு பழத்தை அறுத்து நாமே முதலில் ருசி பார்ப்போம். நமக்குப் பிடிக்காத சரக்கை, விலை குறைவு என்பதற்காக ஏற்ற வேண்டாம். கடையில் மற்றப் பழத்தோடு கலக்காமல் தனியே வைத்து, எப்படி விளைந்தது என்பதைக் கேட்பவரிடம் உள்ளபடி சொல்லி, ஒரு துண்டு கையில் கொடுப்போம். பிடித்தால் அவரே மறுபடி வந்து கேட்பார். பிடிக்காவிட்டாலும், மறைத்து விற்றார் என்ற பேச்சு நம் கடைக்கு வராது.