புது நகரத்தில் முதல் நாள்: ஆறுதலாக இருக்கவும் திட்டம் வேண்டும்



விடுமுறைப் பயணச் செலவு பற்றி வானொலியில் நான் பேசிய அன்று, நிகழ்ச்சி முடியும் தறுவாயில் ஒரு சகோதரி அழைத்தார். "வயதுபோன அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இலண்டன் போகிறோம், முதல் நாள் எங்கே போகலாம்?" என்று கேட்டார். "ஒரு இடமும் போகாதீர்கள்" என்றேன். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அவர் நான் பகிடி விட்டதாக நினைத்திருப்பார். பகிடி இல்லை, அனுபவம். அதை இங்கே ஆறுதலாகச் சொல்கிறேன்.

2016 ஜூனில் நாங்கள் முதன்முறையாக மெல்பேர்ணில் இருந்து இலண்டன் போனோம். தொழிலால் நான் கணக்காளன். முதல் நாளை அரை மணித்தியாலத் துண்டுகளாகப் பிரித்து அட்டவணை போட்டிருந்தேன். அதிகாலை ஐந்தரைக்கு விமானம் இறங்கும். பத்து மணிக்கு இலண்டன் கோபுரம், மதியம் ஈஸ்ட் ஹாமில் சாப்பாடு, பின்னேரம் ஹரோவில் மாமி வீடு. "வந்த அண்டைக்கே வராட்டில் மாமி கோவிப்பா" என்பதுதான் கடைசி வரிக்குக் காரணம். அம்மாவுக்கு அப்போது 71 வயது, இன்சுலின் போடுகிறவர். காலையில் ஊசி போட்டாகிவிட்டது, என் அட்டவணை பிசகியதில் சாப்பாடு பிந்திவிட்டது. கோபுரத்துக்கு வெளியே வாங்கில் இருந்தவருக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குளறத் தொடங்கியது. மகளின் பையில் கிடந்த தோடம்பழச் சாறுதான் அன்று எங்களைக் காப்பாற்றியது. கோபுரத்தை இன்றுவரை நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

பிழை என்ன என்று பிறகு கணக்குப் பார்த்தேன். ஜூன் மாதத்தில் இலண்டன் மெல்பேர்ணுக்கு ஒன்பது மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. (டிசம்பரில் பதினொன்று.) அதாவது மேற்கு நோக்கிப் பறக்கும்போது ஒரு நாளுக்கு 33 மணித்தியாலம் ஆகிறது. கடிகாரத்தைத் திருப்பிவிடலாம், உடம்பைத் திருப்ப முடியாது. அது ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் என்ற கணக்கில்தான் வழிக்கு வரும். இலண்டனில் மாலை ஏழு மணி என்றால் உடம்புக்கு அது விடிகாலை நான்கு மணி. அந்த நேரத்தில் மாமி வீட்டில் விருந்துச் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு சிரித்த முகத்துடன் இருப்பது யாராலும் முடியாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கு இந்த நீண்ட நாளில் ஊசி நேரமும் அளவும் மாறலாம். புறப்பட முன்னரே வைத்தியரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மருந்தைக் கைப்பையிலேயே வையுங்கள்.

2025 ஜூனில் மறுபடியும் போனோம். அம்மாவுக்கு 80. இம்முறை அட்டவணையில் ஒரே ஒரு வரி: "பூங்கா".

விமானங்கள் அதிகாலையில் இறங்கும், ஹோட்டல் அறையோ பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். இடையில் உள்ள அந்த எட்டு மணித்தியாலம்தான் முதல் நாளைக் கெடுப்பது. அதனால் அம்மாவின் அறையை மட்டும் முந்தின இரவிலிருந்தே பதிவு செய்தேன். "படுக்காத இரவுக்குக் காசா?" என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் காலை எட்டு மணிக்கு அம்மா முகம் கழுவி, கால் நீட்டிப் படுக்க முடிந்தது. மற்றவர்கள் பொதிகளை ஹோட்டலில் ஒப்படைத்துவிட்டு முறைக்கு முறை அந்த அறையைப் பாவித்தோம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒருவரையும் நித்திரை கொள்ள விடவில்லை. பகலில் அடித்துப் போட்டதுபோல் தூங்கினால் இரவு போய்விடும்.

ஹோட்டலை பாடிங்டன் பக்கம் எடுத்ததும் இதற்காகத்தான். 2022இல் திறந்த எலிசபெத் பாதை ரயிலில் ஹீத்ரோவில் இருந்து அரை மணித்தியாலமளவில், மாறாமல் வந்து இறங்கலாம். ரிக்கற் எடுக்கத் தேவையில்லை, வங்கி அட்டையைத் தொட்டால் போதும். ஆனால் பெரியவர்கள் ஆளுக்கொரு அட்டை வேண்டும். உள்ளே போகும்போது அட்டையையும், வெளியே வரும்போது அதே கணக்கு உள்ள தொலைபேசியையும் தொட்டால் இயந்திரம் அவற்றை இரு வேறு ஆட்களாகக் கணக்கெடுத்து, இரண்டுக்கும் கூடிய கட்டணம் அறவிடும். பஸ்ஸில் 2014இல் இருந்து காசு வாங்குவதில்லை.

இனி ஒரு முக்கிய விடயம். 2025 ஜனவரியில் இருந்து அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு உள்ளவர்களும், கைக்குழந்தை உட்பட, பிரித்தானியாவின் இலத்திரனியல் பயண அனுமதியை முன்கூட்டியே எடுக்கவேண்டும். அகதிப் பயண ஆவணத்தில் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு விசா தேவை. எங்கள் வீடுகளில் இரண்டு வகையினரும் இருப்பதால் சொல்கிறேன்.

அம்மா அன்றும் எல்லாக் கடதாசிகளையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் விமானத்தால் இறங்கினார். எங்களுக்குப் புது நகரத்தில் முதல் நாள் என்றால் என்ன? 1996இல் யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பு வந்து லொட்ஜில் இறங்கிய முதல் நாள், பொலிஸ் பதிவுக்காக வரிசையில் நின்ற நாள். மெல்பேர்ணிலும் முதல் நாள் படிவங்களோடுதான் போனது. ஹீத்ரோவில் தானியங்கி வாசல் கடவுச்சீட்டைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, திறந்தது. ஒரு கேள்வியும் இல்லை. அம்மா அப்பால் போய் நின்று, "தம்பி, சீல் அடிக்கேல்லையே, பிறகு பிரச்சினை வராதோ?" என்றார். அந்த வாசலால் போகிறவர்களுக்கு முத்திரை குத்துவதில்லை என்று விளங்கப்படுத்தினேன். அவர் நம்பவில்லை. பூங்காவிலும் பை மடியில்தான் இருந்தது.

கென்சிங்ரன் பூங்கா ஹோட்டலில் இருந்து சிறு நடைதூரம். நீரூற்றுகள் உள்ள இத்தாலியத் தோட்டத்துப் பக்கம் அம்மாவை வாங்கில் இருத்தினோம். பிள்ளைகள் மரக்கப்பல் நிற்கும் டயானா நினைவு விளையாட்டிடத்துக்கு ஓடிவிட்டார்கள். பின்னேர வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ள உதவும். ஜூனில் ஒன்பது மணி தாண்டியும் அங்கே வெளிச்சம் இருக்கும். மாமி? தொலைபேசியில் நிலைமையைச் சொன்னேன். கோவிக்கவில்லை. மகனோடு ஒரு மணிக்கே பூங்காவுக்கு வந்துவிட்டார், இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக்கொண்டு. விருந்தை மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொண்டோம்.

"அடுத்தது எங்க போய்ப் பதியவேணும்?" என்று அம்மா நடுவில் ஒருக்கால் கேட்டார். "ஒரு இடமும் இல்லை" என்றேன். சிறிது நேரம் வாத்துகளைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, பையை மாமியிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

இரவு ஒன்பதுக்குப் படுத்தோம். மூன்று மணிக்கு எல்லோரும் முழிப்பு, பசி. மெல்பேர்ணில் அப்போது மத்தியானம் பன்னிரண்டு. இது வரும் என்று தெரிந்தபடியால் பாண், பால், வாழைப்பழம், பிஸ்கற் பகலிலேயே வாங்கி வைத்திருந்தோம். நீங்களும் அதை மறக்கவேண்டாம். அந்த நேரத்தில் திறந்த கடை தேடி அலைய முடியாது. அம்மா அறைக் கேத்தலில் தேத்தண்ணி போட்டார்.